ஹெலனைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ட்ராய் போரைப் பற்றித் தமிழில் யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் வரி தானாக வந்து விழுகிறது: ஒரு பெண்ணின் அழகுக்காகப் பத்து ஆண்டுகள் நடந்த போர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண் ஹெலன், ட்ராய் இளவரசன் பாரிஸோடு போன ஸ்பார்ட்டா அரசனின் மனைவி; அவளை மீட்கவே கிரேக்கர்கள் படையெடுத்தார்கள் என்பது கதை. ஆனால் ஹெலன் குற்றவாளியா இல்லையா என்பது கிரேக்கர்களுக்குள்ளேயே பல நூற்றாண்டுகள் இழுபட்ட வழக்கு. நாம் ஒரு தரப்பின் வாதத்தை மட்டும் எடுத்து, அதையே தீர்ப்பாக எழுதிவிடுகிறோம்.

பழியை ஹோமர் தலையில் கட்டுவது

ட்ராய் போரைப் பற்றி ஹோமர் பாடிய காவியமான இலியட்டின் மூன்றாம் காண்டத்தைத் திறந்து பாருங்கள். ஹெலன் மதில்மேல் வருகிறாள். அங்கே உட்கார்ந்திருக்கும் ட்ராய் நகரத்துக் கிழவர்கள், இப்படிப்பட்ட பெண்ணுக்காக இரு தரப்பும் இத்தனை காலம் துன்பப்படுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே, எப்படி இருந்தாலும் அவள் கப்பலேறிப் போய்விடட்டும், நமக்கும் பிள்ளைகளுக்கும் கேடு வேண்டாம் என்கிறார்கள். மன்னன் பிரியம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன்மேல் பழியில்லை, பழி தெய்வங்கள்மேல் என்கிறான். அந்தக் காவியத்தில் ஹெலனை வாய்நிறையத் திட்டுகிறவள் ஹெலன்தான். தன்னை நாய் என்றே சொல்லிக்கொள்கிறாள்.

அதே காண்டத்தில் காதல் தேவி அஃப்ரோடைட்டி அவளைப் பாரிஸின் படுக்கைக்கு அழைக்கிறாள். அவ்வளவு பிரியமாக இருந்தால் நீயே போய் அவன் பக்கத்தில் உட்கார் என்று ஹெலன் எதிர்த்துப் பேசுகிறாள். தேவி மிரட்டியதும் வாய்மூடிப் பின்னால் போகிறாள். இது சம்மதமா, பலவந்தமா? ஹோமர் தீர்த்துச் சொல்வதில்லை. அதனால் ஹெலனைச் சீதையோடு ஒப்பிடும் நம் ஊர்ப் பழக்கம் எனக்கு ஒட்டுவதே இல்லை. சீதை கவரப்பட்டாள் என்பதில் கம்பனுக்குக் குழப்பமில்லை. ஹெலன் கதையோ அந்தக் குழப்பத்திலேதான் நிற்கிறது.

பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் வாதாடினார்கள். கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போவின் ஒரு பாடலில் ஹெலன் யாராலும் தூக்கிச் செல்லப்படுவதில்லை; கணவனையும் குழந்தையையும் பெற்றோரையும் விட்டுத் தானே கப்பலேறுகிறாள். குதிரைப்படை, காலாட்படை, கப்பற்படை என்று பிறர் எதை வேண்டுமானாலும் அழகு என்று சொல்லட்டும், ஒருவர் எதை நேசிக்கிறாரோ அதுவே அழகு என்பதற்கு அவளையே சாட்சியாக நிறுத்துகிறாள் சாப்போ. ஸ்டெசிக்கோரஸ் என்ற கவிஞர் ஹெலனைப் பழித்துப் பாடிக் கண்ணிழந்தார் என்றும், அவள் ட்ராய்க்குப் போகவே இல்லை என்று மாற்றிப் பாடியதும் பார்வை திரும்பியது என்றும் ஒரு கதை உண்டு. ஹெரோடோட்டஸ் வரலாற்றாசிரியராகவே யோசிக்கிறார்: ஹெலன் எகிப்தில்தான் இருந்திருக்க வேண்டும், ட்ராயில் இருந்திருந்தால் ஊரும் பிள்ளைகளும் அழிவதைப் பார்த்துக்கொண்டு அவளைத் திருப்பித் தராமல் இருக்க மன்னன் பிரியம் என்ன பைத்தியமா என்கிறார். கி.மு. 412இல் ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் இதையே நாடகமாக்கினார். அதில் ட்ராயில் இருந்தது மேகத்தால் செய்த போலி உருவம். ஏதென்ஸின் பெரும்படை சிசிலியில் அழிந்த மறுவருடம் அது. ஒன்றுமில்லாததற்காகச் செத்தார்கள் என்பதை அந்தப் பார்வையாளர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பார்ட்டாவிலோ அவளுக்குக் கோயிலே இருந்தது. தெரப்னே என்ற இடத்தில் ஹெலன் பெயர் பொறித்த காணிக்கைப் பொருள்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அழகில்லாத ஒரு பெண் குழந்தையைச் செவிலி தினமும் அந்தக் கோயிலுக்குத் தூக்கிப் போனதாகவும், அது வளர்ந்து ஊரிலேயே பேரழகியாகி அரசனுக்கு மனைவியானதாகவும் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். ‘கிரேக்கர்கள் ஹெலனை வெறுத்தார்கள்’ என்று எழுதும்முன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இல்லாத வர்ணனையைச் சேர்ப்பது

நீலக் கண், செதுக்கிய மூக்கு எல்லாம் நம் கற்பனை. வெண்கரத்தாள், அழகிய கூந்தலாள் போன்ற வழக்கமான அடைமொழிகளுக்கு மேல் ஹெலனின் தோற்றம் பற்றி இலியட்டில் எதுவும் இல்லை. வெண்கரத்தாள் என்பதுகூட தேவர்களின் அரசன் சியூஸின் மனைவி ஹீராவுக்கு ஓயாமல் வரும் அடைமொழி. ஆயிரம் கப்பல்களைக் கிளப்பிய முகம் என்ற புகழ்பெற்ற வரி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில நாடகாசிரியர் மார்லோ எழுதியது. ஹோமரின் கப்பல் பட்டியலைக் கூட்டினால் 1,186 வரும். தேவியருக்குள் யார் அழகி என்ற போட்டியைக் கிளப்பிய பொன் ஆப்பிளும் ஹோமரிடம் இல்லை. பாரிஸ் மூன்று தேவியரில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்த கதையே கடைசிக் காண்டத்தில்தான் ஓரிரு வரிகளில் வந்து போகிறது.

அழகைப் பெண்ணோடு மட்டும் கட்டிப்போடுவது

ட்ராய்க்கு வந்த கிரேக்கர்களில், தலைசிறந்த வீரனான அக்கிலிஸுக்கு அடுத்த அழகன் நிரியஸ். அவன் கொண்டுவந்தது மூன்றே கப்பல். ஆள் வலுவில்லாதவன், பின்னால் வந்த படையும் சிறிது. ஹோமர் அவன் பெயரை அடுத்தடுத்து மூன்று வரிகளில் தொடக்கத்திலேயே வைத்துப் பாடிவிட்டு, அதற்குப் பின் கண்டுகொள்வதே இல்லை. பாரிஸை அவன் அண்ணன் ஹெக்டர் திட்டுவதே, பார்க்க மட்டும் லட்சணமானவன் என்றுதான். ஆக, போர்க்களத்தில் உதவாத அழகு என்ற ஏளனம் இலியட்டில் ஆண்களை நோக்கித்தான் பாய்கிறது.

பெண்ணழகு போருக்கு உதவும் இடமும் உண்டு. பதினான்காம் காண்டத்தில் ஹீரா குளித்து, எண்ணெய் பூசி, பின்னலிட்டு, அஃப்ரோடைட்டியின் கச்சையை ஏமாற்றி வாங்கி அணிந்துகொள்கிறாள். வீரன் ஒருவன் கவசம் பூணும் காட்சியைப் போலவே ஒவ்வொன்றாக அடுக்குகிறார் கவிஞர். சியூஸை மயக்கித் தூங்கவைத்துவிட்டு, அந்த இடைவெளியில் கிரேக்கப் படை முன்னேற வழிசெய்கிறாள். அஃப்ரோடைட்டியையும் மென்மையானவள் என்று மட்டும் எழுத முடியாது. ஸ்பார்ட்டாவில் ஆயுதம் தரித்த அஃப்ரோடைட்டி சிலை இருந்ததைப் பயண நூலாசிரியர் பௌசானியஸ் பதிவு செய்திருக்கிறார்.

சிறைப்பட்டவளைக் காதலியாக்குவது

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். அக்கிலிஸ் போரில் பிடித்துவந்த பிரிசெயிஸ் அவனுடைய ‘காதலி’யாம். அவள் ஊரைச் சூறையாடி, அவள் கணவனைக் கொன்றவன் அக்கிலிஸ். உடன்பிறந்த மூவரும் அதே நாளில் செத்தார்கள். ஒன்பதாம் காண்டத்தில் அவளை மனதார நேசித்ததாக அக்கிலிஸ் சொல்வது உண்மைதான். பலரும் அந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பத்தொன்பதாம் காண்டத்தில் அதே அக்கிலிஸ், அவளைப் பிடித்த அன்றைக்கே அவள் அம்பு பட்டுச் செத்திருக்கலாம் என்று கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானிடம் சொல்கிறான். அகமெம்னான் அவளைப் பறித்துக்கொண்டதால் இருவருக்கும் மூண்ட சண்டைதான் நண்பர்கள் செத்ததற்குக் காரணமாம்.

பிரிசெயிஸ் காவியத்தில் பேசுவது ஒரே ஒரு முறை, அக்கிலிஸின் நண்பன் பட்ரோக்ளஸின் பிணத்தின்மேல் விழுந்து அழும்போது. தன் கணவனும் சகோதரர்களும் மாண்டதை அங்கேதான் சொல்கிறாள். கூட அழும் பெண்களைப் பற்றி ஹோமர் ஒரு வரி சேர்க்கிறார்: பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து ஒவ்வொருத்தியும் தன் துயரத்துக்கே அழுதாள். அந்தப் பெண்களும் போரில் பிடிபட்டவர்களே. எழவு வீட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இருபத்து மூன்றாம் காண்டத்து மல்யுத்தப் போட்டியில் வென்றவனுக்கு முக்காலிக் கொப்பரை, மதிப்பு பன்னிரண்டு மாடு. தோற்றவனுக்கு வேலை தெரிந்த ஒரு பெண், மதிப்பு நான்கு மாடு. இதைப் படித்த பிறகும் ‘காதல் காவியம்’ என்று தலைப்பு வைக்க எப்படிக் கை வருகிறது? கி.மு. 415இல் யூரிப்பிடீஸ் அரங்கேற்றிய ‘ட்ராய் பெண்கள்’ முழுக்க முழுக்க இப்படிப் பங்கு போடப்படும் பெண்களின் நாடகம். அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது.

பெண்கள் அழ மட்டுமே வருகிறார்கள் என்பது

ஆறாம் காண்டத்தில் ஆண்ட்ரோமகி தன் கணவன் ஹெக்டரிடம் அழுகிறாள், சரி. அதோடு படை நிறுத்தவும் யோசனை சொல்கிறாள்: அத்திமரத்துப் பக்கம் மதில் ஏறுவதற்கு எளிது, எதிரிகள் மூன்று முறை அங்கே முயன்றுவிட்டார்கள், படையை அங்கே நிறுத்து. ஹெக்டர் அந்த யோசனைக்குப் பதிலே சொல்வதில்லை. நீ போய்த் தறியைப் பார், போர் ஆண்கள் வேலை என்கிறான். இந்த ஒரு வாக்கியத்தை எடுத்து ‘கிரேக்கக் காவியத்தின் பார்வை’ என்று மேற்கோள் காட்டுபவர்கள், அதற்குமுன் அவள் பேசியதையும் சேர்த்துக் காட்டட்டும்.

காலங்களைக் கலந்தடிப்பது

இதற்குப் பாம்புக் கூந்தல் மெடூசா ஒருத்தி போதும். அழகியாக இருந்தாள், அதீனா தேவியின் கோயிலில் கடல் தெய்வத்தால் சீரழிக்கப்பட்டாள், தண்டனையும் அவளுக்கே என்ற கதை இணையமெங்கும் ‘பண்டைய கிரேக்கக் கதை’யாகச் சுற்றுகிறது. அதைச் சொன்னவர் ரோமானியக் கவிஞர் ஓவிட், கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில், லத்தீனில். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கிரேக்கக் கவிஞர் ஹெசியோடிடம் மெடூசா, கோர்கன் என்ற அரக்கச் சகோதரிகள் மூவரில் சாவுள்ளவள். மென்புல்வெளியில் கடல் தெய்வமான போசைடன் அவளோடு படுத்தான் என்று மட்டும் வருகிறது. சாபமும் இல்லை, கோயிலும் இல்லை. ஓவிட்டின் கதை வலிமையானது, அதைத் தாராளமாக எடுத்து எழுதலாம். ‘கிரேக்கர்கள் சொன்னார்கள்’ என்பதற்குப் பதிலாக ‘ஓவிட் சொன்னார்’ என்று எழுதினால் போதும்.