பழைய கேமரா விற்கிறீர்களா? காசு வாங்கும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

பழைய கேமராவையோ லென்ஸையோ ஓஎல்எக்ஸில் போட்டால், சீக்கிரமே ஒரு போன் வரலாம். "ஆர்மியில இருக்கேன், நேர்ல வர முடியாது. நீங்க சொன்ன விலைக்கே ஓகே, இப்பவே பணம் போடுறேன்." பொருளைப் பார்க்காமல், பேரமும் பேசாமல் பழைய சாமான் வாங்குகிறவரை அங்கேயே சந்தேகப்படலாம். அடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு வரும்: "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் ஏறிடும்." ஏறாது, போய்விடும். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. நம்பிக்கை வர, முதலில் 5 ரூபாய்க்கு ஸ்கேன் செய்யச் சொல்லி 10 ரூபாயாகத் திருப்பி அனுப்புவதும் உண்டு.

வாங்குகிறவர் நேரில் வந்துவிட்டால் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். பச்சை டிக், உங்கள் பெயர், தொகை, 'டிங்' சத்தம் எல்லாவற்றையும் அப்படியே காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. அவர் போனில் தெரிவதை வைத்துப் பணம் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம். 28,000க்குப் பதில் 38,000 வந்ததாக ஒரு மெசேஜை அனுப்பிவிட்டு, "தெரியாம கூடப் போட்டுட்டேன், பத்தாயிரத்தைத் திருப்பி அனுப்புங்க" என்பார்கள். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். "சர்வர் ஸ்லோ, ராத்திரிக்குள்ள வந்துடும்" என்றால், "சரி, வந்ததும் கூப்பிடுறேன், அப்புறம் வந்து எடுத்துக்கங்க" என்று சொல்லிவிடலாம். நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பலர் கவனிக்காதது ஒன்று: வாங்குகிறவர் ஒருவர், பணம் வருவது வேறொருவர் கணக்கிலிருந்து. அது யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருந்தால், புகார் போனதும் உங்கள் கணக்கையும் முடக்கிவிடுவார்கள். வாங்குகிறவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். கேமராவின் சீரியல் நம்பர், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு கையில் இருக்கட்டும்.

செக் என்றால் பணம் கணக்கில் ஏறும்வரை பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். ரொக்கம் என்றால் வங்கியில் வைத்து வாங்கி அங்கேயே கட்டிவிடுவது நல்லது. கள்ள நோட்டு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். சினிமா கேமரா மாதிரி பெரிய சாமான் என்றால், ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. அபராதம் வாங்கியவருக்குத்தான்.

பணம் போய்விட்டால் ஏமாற்றியவனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.