டென்ட் அடிக்க ஓடைக்கரை வேண்டாம், கொஞ்சம் மேலே ஏறுங்கள்

குளிர்காலத்தில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டென்ட் அடிப்பதாக இருந்தால், ஓடையை ஒட்டிய பள்ளத்துப் புல்வெளியை விட்டுவிட்டு, சரிவில் பத்து இருபது மீட்டர் மேலே இருக்கும் சமதளத்தைப் பிடியுங்கள். கூடுதல் கம்பளி இல்லாமலே குளிர் குறையும். டென்ட்டும் காலையில் அவ்வளவாக நனைந்திருக்காது, காய வைக்கும் நேரம் மிச்சம்.

மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி புல்லை வெளுக்க வைப்பது இதனால்தான். சந்தேகமாக இருந்தால், காற்றில்லாத சாயங்காலத்தில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தித் தரைக்குப் பக்கத்தில் கையில் பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் தவழ்கிறதோ, குளிரும் அங்கேதான் போய்ச் சேரும். காய்ந்த புல்லில் மட்டும் ஊதுபத்தியைக் குத்தி வைக்காதீர்கள்.

மேகம் மூடிய இரவிலும் காற்று பலமாக வீசும் இரவிலும் இந்த வித்தியாசம் தெரியாது. காற்றடித்தால் மறைவான இடமே மேல். இடி மின்னல் வரும்போலிருந்தால் மேட்டின் உச்சியும் ஒற்றை மரத்தடியும் அறவே கூடாது. அதற்காக ஓடைக்கரைக்கும் இறங்காதீர்கள். மலைமேல் பெய்த மழை கீழே சொல்லாமல் வரும். காட்டில் அனுமதியின்றித் தங்கக் கூடாது என்பதால், அனுமதி பெற்ற முகாமில் பதிவு செய்யும்போதே மேல்வரிசை இடமாகக் கேட்டு வாங்குங்கள்.