உயிலையும் பாஸ்போர்ட்டையும் மெயிலில் அனுப்புகிறீர்களா? குவாண்டம் காலத்துக்கு இப்போதே பூட்டுங்கள்

புதுச்சேரியில் குடும்பக் காகிதங்களுக்கு ஆயுள் கெட்டி. 1962 ஆகஸ்ட் 16-ல் ஊர் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள நினைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த 'சொல்தா'க்களின் வீடுகளில் அந்தக் காகிதத்தைப் பேரப்பிள்ளைகள் இன்றும் பீரோவிலிருந்து எடுத்து, ஸ்கேன் செய்து, பாரிஸில் இருக்கும் சித்தப்பாவுக்கு மெயிலில் அனுப்புகிறார்கள். கூடவே பாஸ்போர்ட், உயில் நகல், ஜிப்மர் ரிப்போர்ட் எல்லாம் போகின்றன. இன்னும் 20, 30 வருஷம் ஆனாலும் அடுத்தவர் கண்ணில் படக்கூடாதவை இவை. அணுத்துகள்களின் விதிகளை வைத்துச் சில கணக்குகளை மிக வேகமாகப் போடும் குவாண்டம் கம்ப்யூட்டர் நம்மைத் தொடும் இடம் இதுதான்.

இணையத்தில் இரண்டு பேர் ரகசியச் சாவியை ஒத்துக்கொள்ள ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு போன்ற கணக்குகள் நெடுநாளாகப் பயன்படுகின்றன. போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி வந்தால் இவற்றை உடைத்துவிடலாம் என்று 1994-லேயே அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அப்படிப்பட்ட கணினி இன்னும் வரவில்லை. ஆனால் பூட்டிய தகவலை இன்றே நகலெடுத்து வைத்துக்கொண்டு, கணினி வந்ததும் திறக்கலாமே! அதனால்தான் காத்திருக்கக் கூடாது என்கிறேன். ஆறுதலான செய்தியும் உண்டு: பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் ஏஇஎஸ்-256 முறையைக் குவாண்டம் கணினியாலும் உடைக்க வழி தெரியவில்லை. சாவி பரிமாற்றத்துக்கும் எம்எல்-கெம் என்ற புதிய முறையை அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2024 ஆகஸ்டில் தரநிலையாக வெளியிட்டுவிட்டது.

படி 1: பிரவுசரைப் பாருங்கள்

குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எதுவானாலும் அப்டேட் செய்யுங்கள். கம்ப்யூட்டர் குரோமில் ஜிமெயிலைத் திறந்து எஃப்12 அழுத்தி, செக்யூரிட்டி பகுதிக்குப் போனால் இணைப்பின் விவரம் இருக்கும். அதில் எம்எல்கெம்768 என்று முடியும் ஒரு நீளமான பெயர் தெரிந்தால், உங்கள் கம்ப்யூட்டருக்கும் கூகுளுக்கும் நடுவே புதிய பூட்டு விழுந்துவிட்டது. ஆனால் அது வழிப்பாதைக்கு மட்டும்தான். மெயில் போய்ச் சேர்ந்தபின் கூகுளாலும், பெறுபவரின் மெயில் நிறுவனத்தாலும் அதைத் திறக்க முடியும்.

படி 2: அனுப்பும் கோப்பை நீங்களே பூட்டுங்கள்

ஒரே ஒரு படிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். புதுக் கணக்கு வேண்டாம், காசும் வேண்டாம்.

விண்டோஸில் செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அனுப்ப வேண்டிய கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு, ரைட் கிளிக் செய்து, செவன்-ஜிப், ஆட் டு ஆர்க்கைவ் என்று போங்கள். வரும் பெட்டியில் ஆர்க்கைவ் ஃபார்மட் 7இசட் என்று இருக்கட்டும். வலது பக்கம் கீழே என்கிரிப்ஷன் கட்டம் இருக்கும். அங்கே பாஸ்வேர்டை இரண்டு முறை கொடுங்கள். முறை ஏஇஎஸ்-256 என்று தானாகவே இருக்கும். அதற்குக் கீழே 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்பதையும் மறக்காமல் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாவிட்டாலும் 'அப்பா உயில்' என்ற கோப்புப் பெயர் வெளியே தெரியும். மெயிலின் சப்ஜெக்ட் வரியிலும் அப்படி எழுதாதீர்கள்.

பூட்டின் பலம் பாஸ்வேர்டில்தான். பிறந்த தேதி, தெருப் பெயர், பிள்ளைகள் பெயர் எதுவும் கூடாது. நெத்திலி, பம்பரம், ஏணி என்பது போல ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழு சொற்களை ஆங்கில எழுத்தில் தொடர்ந்து அடியுங்கள். ஏதாவது புத்தகத்தைக் கண்ணை மூடிப் பிரித்து, விரல் விழுந்த சொற்களை எடுத்தால் இன்னும் நல்லது.

அதை அதே மெயிலில் எழுதிவிட்டால் எல்லாம் வீண். "அத்தை, பாஸ்வேர்டை எங்கேயும் டைப் பண்ணாதீங்க, நீங்க ஊருக்கு வர்றப்ப நேர்ல சொல்றேன்" என்பதுதான் சரியான வழி. ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிறவர்களிடம் குடும்பத்துக்கென்று ஒரு பாஸ்வேர்டு சொல்லி அனுப்பலாம். அவசரம் என்றால் சிக்னல் செயலியில் பேசிச் சொல்லுங்கள். சிக்னல் 2023-லேயே குவாண்டத்தைத் தாங்கும் சாவி முறையைச் சேர்த்துவிட்டது. பூட்டிய கோப்பை ஆண்ட்ராய்டு போனில் திறக்க இசட்ஆர்க்கைவர் என்ற செயலி போதும்.

இதை எல்லாம் சொந்தக் கம்ப்யூட்டரில் செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் எடுத்தால் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கோப்பை அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

படி 3: அடிக்கடி எழுதுகிறவர்களுக்குத் தனிப் பெட்டி

மாதாமாதம் காகிதம் போய்வருகிற குடும்பம் என்றால் இரு பக்கமும் டூட்டா என்ற மெயில் சேவையில் கணக்கு தொடங்கலாம். ஜெர்மனியின் ஹனோவரில் இருக்கும் இந்த நிறுவனம் 2024 மார்ச்சில் குவாண்டத்தைத் தாங்கும் பூட்டைக் கொண்டுவந்தது. புதிய கணக்குகளுக்கு அது தானாகவே வரும், சப்ஜெக்ட் வரியும் பூட்டப்படும். இலவசக் கணக்கில் 1 ஜிபி இடம் உண்டு. ஆறு மாதம் உள்ளே நுழையாவிட்டால் இலவசக் கணக்கை நீக்கிவிடுவார்கள், அதனால் மாதம் ஒருமுறையாவது திறங்கள்.

கணக்கு தொடங்கும்போது நீளமாக ஒரு மீட்புக் குறியீடு தருவார்கள். காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பாஸ்வேர்டும் மறந்து இதுவும் தொலைந்தால் நிறுவனத்தாலேயே திறந்து தர முடியாது.

ஒரு எச்சரிக்கை: டூட்டாவிலிருந்து ஜிமெயிலுக்குப் பாஸ்வேர்டு போடாமல் அனுப்பினால் அது சாதாரண மெயில்தான்.

படி 4: பழையதைக் கழியுங்கள்

ஜிமெயில் தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் குறியைச் சொடுக்கி, 'ஹேஸ் அட்டாச்மென்ட்' என்பதை டிக் செய்து தேடுங்கள். சென்ட் பெட்டியில் இருப்பதும் சேர்ந்து வரும். பாஸ்போர்ட், மருத்துவ ரிப்போர்ட், வங்கிக் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கி, இரண்டாம் படியில் சொன்னபடி பூட்டி வைத்துக்கொண்டு, மெயிலை அழியுங்கள். ட்ராஷில் 30 நாள் கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள். யாராவது முன்பே நகலெடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்க வழியில்லை. ஆனால் கணக்கு பிறர் கையில் சிக்கினாலும் இனி எடுக்க எதுவும் இருக்காது. பெறுபவரின் பெட்டியிலும் அதே நகல் இருக்கும் என்பதால், சித்தப்பாவுக்கும் போன் போட்டு அழிக்கச் சொல்லுங்கள்.