சீலிங் விளக்கை மேசைக்கு மேல் இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீலிங்கோடு ஒட்டியிருக்கும் விளக்கைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் கொஞ்சம் இறக்கலாம் என்று நினைத்ததும் பலர் முதலில் தேடுவது ஒயரைத்தான். நாலு அடி ஒயர் வாங்கி ஒட்டுப்போட்டால் வேலை முடிந்தது என்று ஒரு எண்ணம். ஆனால் சீலிங்கில் திருகி வைப்பதற்கென்றே செய்த விளக்கில் எடையைத் தாங்குவது திருகுகள். ஒயருக்குக் கரண்ட் கொண்டுவரும் வேலை மட்டும்தான். இறக்கிய பிறகு அந்த எடையை எது தாங்கப்போகிறது? இதை யோசிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ஒயரே தாங்கட்டும் என்று விட்டால் உடனே எதுவும் அறுந்து விழாது. அதனால்தான் பலர் தைரியமாக விட்டுவிடுகிறார்கள். ஹோல்டருக்குள் திருகு பிடித்திருக்கும் இடத்தில் செம்புக் கம்பி மெல்ல இழுபட்டுத் தளரும். பல்பு எப்போதாவது மினுக்கும். தளர்ந்த இடம் சூடேறும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் கருகும். எடையைச் சங்கிலியோ எஃகுக் கம்பியோ தாங்க வேண்டும்; ஒயர் அதனூடே தொய்வாகப் போக வேண்டும். வெறும் ஹோல்டரும் லேசான ஷேடும் என்றால் தொங்குவிளக்குக்கென்றே வரும் கேபிள் போதும், ஆனால் இரு முனையிலும் அதன் மேலுறையை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் இருக்க வேண்டும்.

மேலே கொக்கி எதில் பிடித்திருக்கிறது என்பதும் இதே கணக்கில்தான் வரும். ஃபால்ஸ் சீலிங் பலகை விளக்கைத் தாங்காது. பலகையைத் தாண்டி கான்கிரீட்டிலோ மர உத்திரத்திலோ பிடிக்க வேண்டும். சுவரில் படம் மாட்டும் பிளாஸ்டிக் பிளக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சுவரில் எடை பக்கவாட்டில் அழுத்தும். இங்கே நேராகக் கீழே இழுக்கும், பிளக் மெல்ல உருவிக்கொண்டு வரும்.

பழைய விளக்கின் பின்தகட்டைக் கையில் எடுத்து, ஒயர் நுழையும் ஓட்டையின் ஓரத்தைப் பாருங்கள். அச்சில் வெட்டிய தகடு, பிசிறோடு இருக்கும். சீலிங்கில் அசையாமல் இருந்தவரை பரவாயில்லை. தொங்கும்போது காற்றில் ஆடுகிற ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பு ஒயரின் உறையை அறுக்கும். ஓட்டையில் ஒரு ரப்பர் புஷ், அதாவது விளிம்பை மூடும் ரப்பர் வளையம் போட்டால் தீர்ந்தது. அப்புறம், அந்தப் பின்பக்கம் இனி எல்லோர் கண்ணிலும் படும். திருகும் கம்பியுமாக அது அசிங்கமாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், தட்டையான எல்.இ.டி. பேனலை இறக்க முயலவே வேண்டாம். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தொங்குவிளக்கு செட் மாட்டுங்கள்.

ஒயரின் நடுவில் ஒட்டுப்போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றுவது அடுத்த தவறு. சூட்டில் டேப்பின் பசை இளகி, கொஞ்ச நாளில் சுற்று பிரியும். இணைப்பு எல்லாம் சீலிங் கப்புக்குள், அதாவது சீலிங்கில் ஒயர் வெளிவரும் இடத்தை மூடும் கிண்ணத்துக்குள், கனெக்டரில் இருக்கட்டும். அங்கிருந்து ஹோல்டர் வரை ஒரே துண்டு ஒயர்.

எர்த்தை மறந்துவிடுபவர்கள் நிறைய. பத்தடி உயரத்தில் இருந்தவரை அந்த உலோக உடம்பை யாரும் தொட்டதில்லை. இப்போது ஈரத்துணியோடு துடைப்பார்கள், எழும்போது தலையில் இடித்துக்கொண்டு கையால் ஒதுக்குவார்கள். உலோக விளக்கு என்றால் எர்த்துக்கும் சேர்த்து மூன்று கம்பி உள்ள மூன்று கோர் ஒயர்தான். இரட்டைக் காப்புக் குறியோடு, அதாவது சதுரத்துக்குள் சதுரம் போட்டு வரும் விளக்குக்கு மட்டும் எர்த் தேவையில்லை. திருகு வகை ஹோல்டராக இருந்தால் ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், நடுத்தகட்டுக்குப் போக வேண்டும். பக்கத்து மரைக்குக் கொடுத்துவிட்டால் பல்பு மாற்றும்போது விரலில் ஷாக் அடிக்கும்.

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறாதீர்கள். யாரோ சுவிட்சை ஃபேஸில் கொடுக்காமல், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் கொடுத்திருந்தால் விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். மெயின் பெட்டியில் கரண்ட்டைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள பிளக் பாயின்ட்டில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு இங்கே வையுங்கள். ஒயர் நிறங்களைப் பார்த்துக் குழப்பம் வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சரி, எவ்வளவு இறக்குவது? மேசைப் பரப்பிலிருந்து விளக்கின் அடிவிளிம்பு வரை 30 முதல் 36 அங்குலம் என்பது வழக்கமான அளவு. நான் முதல்முறை மாட்டியபோது கணக்கெல்லாம் சரியாகப் போட்டேன். சீலிங் 120 அங்குலம், மேசை 30, இடைவெளி 32, மீதி 58. ஒயரையும் 58-க்கே வெட்டினேன். விளக்கே 14 அங்குல உயரம் என்பது மாட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. தட்டுக்கு மேலே ஒன்றரை அடியில் வந்து நின்றது. வெட்டியிருக்க வேண்டியது 44, அதோடு இரு முனையிலும் இணைப்புக்குக் கொஞ்சம் மிச்சம். ஒயரைத் தொடும் முன் ஒரு அட்டைப்பெட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இரண்டு நாள் அதனடியில் சாப்பிட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முகம் தெரிகிறதா, பாத்திரம் நீட்டும்போது கை இடிக்கிறதா என்பதை அந்தப் பெட்டியே காட்டிவிடும்.

சீலிங் பாயின்ட் மேசையின் நடுவுக்கு நேராக இல்லையென்றால் மேசையை நகர்த்தவோ சீலிங்கைக் கொத்தவோ வேண்டியதில்லை. நடுவுக்கு நேராக ஒரு கொக்கி அடித்து, ஒயரைத் தொய்வாக அங்கே கொண்டுபோய் இறக்கலாம். அந்தத் தொய்வுக்கும் சேர்த்து ஒயர் வாங்குங்கள்.

கடைசியாகப் பல்பு. மேலே இருந்தபோது உறுத்தாத வெளிச்சம் கீழே வந்ததும் கண்ணைக் குத்தும். மாட்டியதும் நின்றபடி பார்த்துத் திருப்திப்படாமல், நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பாருங்கள். பல்பு நேராகக் கண்ணில் பட்டால் ஷேடின் ஆழம் போதாது, அல்லது பால்நிறக் கண்ணாடி பல்பு வேண்டும். வெளிச்சத்தின் நிறம் 2700 கெல்வினா (மஞ்சள் கொஞ்சம் கூடுதல்) 3000-மா என்பதை அந்த நாற்காலியில் இருந்தபடியே முடிவு செய்யுங்கள்.