மொட்டை மாடியில் 'பிரீஃப் என்கவுன்டர்' திரையிட

மதுரையில் மாடித் திரையிடலுக்குத் தோது தை, மாசிதான். மழை இருக்காது, ஆடிக்காற்று மாதிரி துணியை உப்ப வைத்துப் பிய்க்காது. 'பிரீஃப் என்கவுன்டர்' 86 நிமிட ஆங்கிலக் காதல் படம்; ஏழரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு முடிந்துவிடும். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. டிவிடி வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். தெருவைக் கூட்டிக் காட்டுவதென்றால் உரிமை வைத்திருப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

திரை 8 அடி அகலம், 6 அடி உயரம். 1945-ல் வந்த படம், சட்டகம் அகலமானது அல்ல. புரொஜெக்டரை 'ஃபுல்' என்று வைத்தால், நாயகி லாராவாக நடிக்கும் சீலியா ஜான்சனின் முகம் பூசணியாக விரிந்துவிடும்; இந்தப் படமே அந்த முகத்தில்தான் நடக்கிறது. 4:3 வையுங்கள். த்ரோ ரேஷியோ (கருவியின் முழுச் சட்டக அகலத்துக்கு எத்தனை மடங்கு தூரம் என்ற கணக்கு) 1.5 உள்ள 16:9 கருவியை 16 அடி தள்ளி வைக்க வேண்டும்; 4:3 படம் அந்தச் சட்டகத்தின் நடுப்பகுதியை மட்டும்தான் பிடிக்கும். 8 அடித் திரைக்கு 12 அடி போதும் என்று கணக்குப் போட்டால், படம் 6 அடிக்குச் சுருங்கிவிடும். பட மோடில் 'டைனமிக்' வேண்டாம், 'சினிமா' போதும். நீலம் பாரித்தால் கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' பக்கம் நகர்த்துங்கள். தெருவிளக்கு திரையின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

மூலம் நோயல் கவர்டின் 'ஸ்டில் லைஃப்' என்ற ஓரங்க நாடகம். அது முழுக்க ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைக்குள் நடப்பது. படத்திலும் தணிந்த பேச்சுதான் அதிகம். அதனால் குழாய் ஸ்பீக்கர் ஆகாது. பெட்டி ஸ்பீக்கர் இரண்டை, உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில், திரைக்கு இருபுறமும் வையுங்கள். பேச்சுக்கு ஒலி அளவு வைத்த பிறகு, ரயில் கூவும் இடத்தையும் பின்னணியில் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃபின் பியானோ எழும் இடத்தையும் ஓட்டிப் பாருங்கள். அங்கே கரகரத்தால் பாஸைக் குறையுங்கள். கூடல்நகர் பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய மாடி வேண்டாம். இறுதியில் எக்ஸ்பிரஸ் கடக்கும் காட்சியில் நிஜ ரயிலும் கூவினால் எல்லாம் போச்சு.

தமிழ் வசன வரியில் (சப்டைட்டிலில்) தான் மெனக்கெட வேண்டும். அந்தக் கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள், இல்லையென்றால் எழுத்துக்குப் பதில் குப்பைதான் வரும். நொடிக்கு 24 பிரேமுக்கு எழுதிய வரியை 25 பிரேம் பிரதியோடு ஓட்டினால் முடிவில் மூன்றரை நிமிடம் பிந்தும். முன்னே பின்னே தள்ளிப் பயனில்லை, வேகத்தையே மாற்ற வேண்டும்.

மொழிபெயர்ப்பில் பெரிய முடிச்சு 'நீங்க'வா 'நீ'யா என்பது. ஆங்கிலத்தில் அந்தப் பேதம் இல்லை. லாராவிடம் அலெக் காதலைச் சொல்லும் படகுக் கொட்டகைக் காட்சிவரை இருவருக்கும் 'நீங்க'. பிறகு இருவருக்குமே 'நீ'. அவன் மட்டும் 'நீ' என்று மாறி, அவள் 'நீங்க'விலேயே நின்றால் புருஷன் பெண்டாட்டிப் பேச்சாகிவிடும். லாரா மனசுக்குள் கணவன் ஃப்ரெடிடம் பேசுவது கடைசிவரை 'நீங்க'தான். இந்த வேறுபாட்டில்தான் அவளுடைய இரண்டு வாழ்க்கையும் தமிழில் தெரியும். சிற்றுண்டிச் சாலை நடத்தும் மிர்ட்டிலும் ஸ்டேஷன் ஊழியர் ஆல்பர்ட்டும் பேச்சுத் தமிழில் வாயாடலாம்.

வாசல் கதவை ஏழு இருபதுக்கே சாத்துங்கள். காதலர்கள் பிரியும் காட்சியைப் படம் தொடக்கத்திலேயே, விவரம் சொல்லாமல், காட்டிவிடும். பக்கத்தில் ஒருத்தி வந்து வளவளக்க, அலெக் லாராவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போவான். இறுதியில் அதே காட்சி திரும்ப வரும்போது, பத்து நிமிடம் பிந்தி வந்தவருக்கு மட்டும் அது தோளில் பட்ட வெறும் கை. இடைவேளையும் வேண்டாம், ஜிகர்தண்டாவை ஏழு மணிக்கே கொடுத்துவிடுங்கள்.