பெங்களூரிலிருந்து சைக்கிளில்: கால்வாய்க் கரையும் காட்டு வழியும்

வெளிநாட்டிலிருந்து சைக்கிளோடு வந்து, பெங்களூரு அல்சூரிலோ காக்ஸ் டவுனிலோ சித்தப்பா வீட்டில் இறங்கிய கையோடு, ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றங்கரைபோலவோ சிங்கப்பூர்ப் பூங்கா இணைப்புப் பாதைபோலவோ ஒரு சைக்கிள் பாதையைத் தேட ஆரம்பித்தால் ஏமாற்றம்தான். ஊருக்கு வெளியே சைக்கிளுக்கென்றே போட்ட நெடும்பாதை இந்தப் பக்கம் கிடையாது. இருப்பது வேறு: பாசனக் கால்வாயின் கரைமேல் ஓடும் மண்பாதை, எப்போதாவது ஒரு பஸ் போகும் காட்டுச் சாலை, விடிந்ததும் கிடைக்கும் மூன்று மணி நேரம். எந்த வழி என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் இங்கே முக்கியம். டிசம்பர், ஜனவரியில் பொழுது விடிய 6.30 தாண்டிவிடும். முதல் வெளிச்சத்தில் கிளம்பி 10 மணிக்குள் முக்கால்வாசித் தூரத்தை முடித்துவிடுங்கள்.

நகரத்தை விட்டு வெளியேறும் 30 கிலோமீட்டரை மிதித்தே தீர வேண்டும் என்று வீம்பு பிடிக்காதீர்கள். பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்கும் சைக்கிளுக்கும் தடை. சர்வீஸ் ரோட்டில் போகலாம். ஆனால் அங்கே எதிர்த்திசையில் டிராக்டர் வரும், யாரும் வியப்படைய மாட்டார்கள். கனகபுரா சாலையில் ஹாரோஹள்ளி வரை லாரித் தொல்லை. ஆகவே ரயில், இல்லாவிட்டால் உறவினர் கார்.

ரயில் என்றால் ஒரு சொல்லைக் கவனியுங்கள். பார்சல் ஆபீசில் சைக்கிளை 'லக்கேஜ்' என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் டிக்கெட்டைக் காட்டிப் பதிந்தால் நீங்கள் போகும் வண்டியிலேயே வரும். 'பார்சல்' என்று பதிந்துவிட்டால் இடம் இருக்கிற ஏதாவது ஒரு வண்டியில் வரும். நீங்கள் மைசூரில் காத்துக் கிடப்பீர்கள். வண்டி புறப்பட ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். பெயர், ஊர், போன் எண் எழுதிய அட்டையை ஃப்ரேமில் கட்டுங்கள். கியர் மாற்றும் கருவி இருக்கும் பக்கத்துக்கு அட்டைப்பெட்டித் துண்டு சுற்றிவிடுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வண்டி நிற்கும் நேரத்துக்குள் பிரேக் வேனை (சாமான் பெட்டியை) திறந்து இறக்குவது நடக்காத காரியம். மைசூரு வரை பதிந்து, அங்கிருந்து 15 கிலோமீட்டர் திரும்பி மிதிப்பதே நிம்மதி.

இந்த வட்டாரத்தில் முதலில் போக வேண்டியது ஸ்ரீரங்கப்பட்டணம்தான். காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொள்ளும் தீவு, ஏறக்குறைய சமதளம், கரும்பும் நெல்லும் தென்னையும். தீவிலிருந்து ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம், பல்முரி தடுப்பணை, கண்ணம்பாடி அணை, அணைக்குக் கீழுள்ள பாலம், பாண்டவபுரா என்று சுற்றி வந்தால் சுமார் 50 கிலோமீட்டர். அணையின் மேல் போக அனுமதி இல்லை. கெஞ்சிப் பார்ப்பது நேர விரயம். சரணாலயத்தில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தால் இந்தியர் கட்டணம்தான். 2021 மார்ச் அரசாணையிலேயே அது இருக்கிறது. அட்டையைக் காட்டினால்தான் தருவார்கள், படம் மட்டும் போதாது என்று சொல்வதும் உண்டு.

அணையின் இடது கரையிலிருந்து கிளம்புவது விஸ்வேஸ்வரையா கால்வாய். ஊர்க்காரர்களுக்கு 'வி.சி. நாலே'. இதன் கரைப்பாதைதான் வண்டித் தொல்லையில்லாத உண்மையான வழி. வழி கேட்கும்போது ஒரு சிக்கல்: தமிழில் ஏரி என்றால் நீர்நிலை, கன்னடத்தில் 'ஏரி' என்றால் கரை, நீர்நிலைக்கு அவர்கள் சொல் 'கெரே'. 'நாலே ஏரி மேலே தாரி இதெயா?' என்று கேட்டால் சரியான பதில் வரும். நீங்கள் 'ஏரி எங்கே' என்று தமிழ் நினைப்பில் கேட்டால், நிற்கும் இடத்தையே காட்டிச் சிரிப்பார்கள்.

கரைப்பாதையில் தடுப்புச்சுவர் பெரும்பாலும் கிடையாது. 2018 நவம்பரில் கனகனமரடி அருகே இந்தக் கால்வாயில் பஸ் கவிழ்ந்து 30 பேர் இறந்தார்கள். கான்கிரீட் பூசிய சரிவில் விழுந்தால் பிடித்து ஏற எதுவும் இருக்காது, நீரோட்டமும் வேகம். எனவே நீர்ப்பக்கம் ஒட்டி ஓட்டாதீர்கள். எதிரே டிராக்டர் வந்தால் வயல் பக்கம் இறங்கி நில்லுங்கள். மழை பெய்த மறுநாள் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சுற்ற விடாது. இரண்டு நாள் வெயில் கண்ட பிறகு போங்கள். ஹுலிகெரே அருகே கால்வாய் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். கரைப்பாதையும் அங்கே அறுந்துபோகும், ஊர்ச்சாலையில் சுற்றித்தான் மறுபக்கம் பிடிக்க வேண்டும். போன் வரைபடம் இதையெல்லாம் சொல்லாது. முந்தைய இரவே செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பாலங்களைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. காவிரிப் பிரச்சினை சூடாகும் ஆண்டுகளில், குறிப்பாக ஆகஸ்ட், செப்டம்பரில், மண்டியா மாவட்டத்தில்தான் முதலில் மறியல் நடக்கும். பந்த் அறிவித்த நாளில் அந்தப் பக்கம் போக வேண்டாம். மற்ற நாட்களில் தமிழ் பேசுவதால் ஒரு குறையும் வராது. இளநீர்க்காரர் உங்களிடம் தமிழிலேயே பேச முயல்வார்.

நகருக்குப் பக்கத்தில் அரை நாள் போதும் என்பவர்களுக்கு: கெங்கேரி, ராமோஹள்ளி, தொட்ட ஆலதமரம் (பெரிய ஆலமரம்), மஞ்சனபெலே அணை, சாவனதுர்கா. ஏற்ற இறக்கம் நிறைய, காட்டு ஓரம் அழகு. ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டம், வார நாளில் போங்கள். மஞ்சனபெலே நீரில் இறங்காதீர்கள். ஆண்டுதோறும் உயிர் வாங்கும் நீர்.

காட்டு வழி இரண்டு. ஒன்று, ஹலகூரிலிருந்து முத்தத்திக்குக் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடே இறங்கும் சாலை. போகும்போது சக்கரம் தானே உருளும். திரும்புவது முழுக்க ஏற்றம், அதற்கான தண்ணீரை மேலேயிருந்தே கொண்டுபோக வேண்டும். ஆற்றில் நீர்ச்சுழல்களும் முதலைகளும் உண்டு. மற்றது தமிழ்நாட்டுப் பக்கம்: ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. அதைத் தொடர்ந்தால் ஒகேனக்கல். தளி வரை யார் வேண்டுமானாலும் போகலாம். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் ஆனை ராஜ்ஜியம்.

இங்கேதான் ஒரு முரண். சைக்கிளுக்கு நல்ல பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி. கேழ்வரகு முற்றுவதும் அப்போதுதான். பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஆனைக்கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வருவதும் அதே மாதங்களில்தான். மோட்டார் சத்தம் கேட்டால் ஆனைக்கு முன்னறிவிப்பு. சைக்கிள் சத்தமே இல்லாமல் வளைவில் போய் முன்னால் நிற்கும். மிரண்ட ஆனை துரத்தத்தான் செய்யும். எனவே காட்டுப் பகுதியை காலை 9-க்கும் மாலை 3-க்கும் நடுவில் மட்டும் கடங்கள், இது விடியற்காலை விதிக்கு விலக்கு. செக்போஸ்டிலும் டீக்கடையிலும் 'ஆனெ பந்திதெயா?' என்று கேளுங்கள். பஸ் வரும் வரை காத்திருந்து, அதன் பின்னால் போவது கேவலமில்லை. ஈரம் காயாத சாணியோ புதிதாக முறித்த மூங்கிலோ கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள். ஆனையே தெரிந்தால் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நின்று, மணியடிக்காமல் பின்வாங்குங்கள். பந்திப்பூர், நாகரஹொளேப் புலிக் காடுகளைச் சைக்கிளில் கடக்கும் யோசனையே வேண்டாம். சைக்கிளை வண்டியில் ஏற்றிக் கடங்கள்.

சைக்கிளுக்கு வருவோம். 25 மில்லிமீட்டர் டயரை ஊரிலேயே விட்டுவிடுங்கள். 35 முதல் 40 தான் இங்கே பொருத்தம். கால்வாய்க் கரையெங்கும் சீமைக் கருவேலம், அதன் முள் சாதா டயரை ஊசிபோலத் துளைக்கும். டியூப்லெஸ் என்றால் புதிதாக சீலண்ட் (துளையை அடைக்கும் திரவம்) ஊற்றிக் கொண்டுவாருங்கள். வெயிலில் அது சீக்கிரம் காயும். இரண்டு உதிரி டியூப், டயர் நெம்புகோல், கிழிந்த டயருக்கு உள்ளே வைக்கும் பட்டைத் துண்டு, செயின் இணைப்பு, உங்கள் ஃப்ரேமுக்கான கியர் ஹேங்கர் (பின் கியர் கருவியை ஃப்ரேமோடு பிணைக்கும் உலோகத் துண்டு) ஒன்று. விமானத்தில் முதலில் வளைவது இந்த ஹேங்கர்தான், எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிராமத்துப் பஞ்சர் கடையில் பிரெஸ்டா எனும் மெல்லிய வால்வுக்குப் பொருந்தும் பம்ப் வாய் இருக்காது. சின்னப் பித்தளை அடாப்டர் இரண்டு பையில் போடுங்கள். கம்ப்ரஸர்க்காரர் லாரிக்கு அடிக்கிற தோரணையில் அடித்து டியூபை வெடிக்க வைப்பார், குழாயை நீங்களே பிடியுங்கள். உங்கள் 700சி அளவு டியூப் தீர்ந்துபோனால், ஊர்க் கடையில் கிடைக்கும் 28 அங்குல உள்ளூர் டியூபைச் சற்று மடித்துத் திணித்து வீடு சேரலாம். பெடல் கழற்றும்போது இடது பக்க மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம்.

கனடா, ஜெர்மனியிலிருந்து வருபவர்கள்: இங்கே சாலையின் இடது பக்கம் ஓட்ட வேண்டும். வளைவுகளில்தான் பழக்கம் காட்டிக்கொடுக்கும். வர்ணம் போகாத வேகத்தடை ஒன்றுகூட இருக்காது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊர் நுழைவிலும் வேகத்தைக் குறையுங்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, குனிந்து கல் எடுப்பதுபோல் காட்டினால் போதும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி. சிறு கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்புபவர்கள் பெட்டி கட்டுவதற்கு முந்தைய நாளே டயர், பெடல், ஷூ அடி எல்லாவற்றையும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மண் போகக் கழுவிக் காயவையுங்கள். மண்டியா மண் ஒட்டியிருந்தால் விமான நிலையத்தில் நிறுத்திவைப்பார்கள். சைக்கிள் கொண்டுவந்ததை வருகை அறிவிப்புப் படிவத்திலும் எழுதியாக வேண்டும்.