கரையானா, உளுவா? வீட்டுக்குப் பூச்சி மருந்து அடிக்க நம்பகமான ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை

எங்கள் துணி அலமாரியின் அடியில் ஒருநாள் மாவு சிந்தியதுபோல் ஏதோ கிடந்தது. துடைத்தேன். இரண்டு நாளில் மறுபடியும் கிடந்தது. பதற்றத்தில், கண்ணில் பட்ட முதல் விளம்பரத்திலிருந்த எண்ணை அழைத்தேன். வந்தவர் அலமாரிக் கதவை விரலால் இரண்டு தட்டு தட்டினார், "கரையான்தான்" என்றார், நான்கு நிமிடத்தில் தொகையையும் சொல்லிவிட்டார். மறுநாள் இரண்டு பேர் வந்து சுவரோரத் தரையில் வரிசையாகத் துளை போட்டு, மருந்தை ஊற்றி, சிமென்ட் பூசி மூடிவிட்டுப் போனார்கள். ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் அதே இடத்தில் அதே மாவு.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தேன். இம்முறை வேறொருவர் வந்தார். மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். "இது கரையான் இல்லை. உத்தரவாதம் கரையானுக்கு மட்டும்தான்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. கரையான் என்று சொல்லிப் பணம் வாங்கிய அதே நிறுவனம், கரையான் இல்லை என்று சொல்லிக் கைகழுவிவிட்டது.

அதற்குப் பிறகு நான் பின்பற்றும் முறைதான் கீழே இருப்பது. பாத்திரங்களை மூடி வைப்பது, அலமாரியைக் காலி செய்வது போன்றவற்றை வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை.

1. அழைப்பதற்கு முன், வந்திருப்பது எது என்று பாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் இந்தப் படி கொஞ்சம் நீளும்.

மரம் கெடுவதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று செல்லரித்தல், மற்றொன்று உளுத்தல். செல் என்றால் கரையான். உளு என்பது மரத்துக்குள் இருந்து குடையும் வண்டின் புழு. முன்னோர் இரண்டையும் பிரித்துத்தான் பேசியிருக்கிறார்கள். நாம்தான் மரத்தில் என்ன வந்தாலும் கரையான் என்கிறோம். வந்தவரும் அதையே சொன்னால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை.

மண்ணிலிருந்து ஏறும் கரையான் தூள் கொட்டாது. ஈரம் காயாமல் இருக்க, மண்ணாலேயே குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் நடக்கும். சுவரிலோ நிலைக்காலிலோ பென்சில் தடிமனில் மண்கோடு தெரிந்தால் நடுவில் ஒரு துண்டை மட்டும் உடைத்துவிட்டுச் சில நாள் விட்டுப் பாருங்கள். உடைத்த இடத்தை மறுபடியும் மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. அடைக்கவில்லை என்பதற்காக மட்டும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். வேறு வழியாகப் போயிருக்கலாம்.

உலர்மரக் கரையான் என்று இன்னொரு வகை உண்டு. அதற்கு மண்ணே தேவையில்லை, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். அது வெளியே தள்ளுவது மணல்போல் நறநறக்கும் சிறு மணிகள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டைகள் தெரியும். உளுவின் தூளோ முகப்பவுடர்போல் விரலில் வழுக்கும். மரத்தில் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகள் இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது இதுதான். தரைக்குள் எத்தனை லிட்டர் மருந்து ஊற்றினாலும் அலமாரிக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சிறகு முளைத்துப் பறப்பவற்றைப் பார்த்தாலும் குழப்பம் வரும். நான்கு சிறகும் ஒரே நீளமாக, இடுப்பு குறுகாமல் இருந்தால் கரையான். இடுப்பு குறுகி, முன்சிறகு பெரிதாக, உணர்கொம்பு மடங்கி இருந்தால் எறும்பு.

இதற்கு எனக்குத் தேவைப்பட்ட கருவிகள்: ஒரு நல்ல டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு உருப்பெருக்கி, கறுப்புத் தாள், ஒட்டும் டேப். தூளைத் துடைத்துவிட்டுக் கறுப்புத் தாளை விரித்து வைத்தால், புதிதாகத் தூள் விழுகிறதா என்று தெரிந்துவிடும். பூச்சி கிடைத்தால் டேப்பில் ஒட்டி வையுங்கள். படம் எடுத்தால் பக்கத்தில் அளவுகோலை வையுங்கள். பூச்சியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகளை நான் நம்புவதில்லை. ஒரே பூச்சிக்கு மூன்று கோணத்தில் மூன்று பெயர் சொன்னது ஒன்று.

கரப்பான்பூச்சி என்றால் ஒட்டுப்பொறி அட்டைகளைச் சமையலறையில் நான்கைந்து இடங்களில் இரவு முழுக்க வையுங்கள். தலைக்குப் பின்னால் இரண்டு கறுங்கோடுகளுடன் சிறியதாக இருப்பது ஜெர்மன் கரப்பான். அது வீட்டுக்குள்ளேயே பெருகும். பெரிய செந்நிறக் கரப்பான் பெரும்பாலும் சாக்கடைக் குழாய் வழியாக வருவது. முதலாவதற்கு ஜெல் (கரப்பான் தின்பதற்காக வைக்கும் நஞ்சு கலந்த பசை) வேண்டும், இரண்டாவதற்குக் குழாய் வாயை அடைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்தை ஒரே மாதிரி அடிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

2. தொலைபேசியில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்

உரிம எண்ணைக் கேளுங்கள். பல நாடுகளில் இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம் கட்டாயம். அதை வழங்கிய அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்ளலாம். அனுப்பிய புகைப்படத்தை மட்டும் நம்ப வேண்டாம். உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், வீட்டுக்கு வருகிறவர் பயிற்சி பெற்றவரா என்று தனியாகக் கேளுங்கள். விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி.

இவையெல்லாம் நாம் கேட்பவை. நான் அதைவிட அதிகம் மதிப்பது அவர் கேட்பதை. வீட்டில் கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா, ஆஸ்துமா உள்ளவர் உண்டா, பூனை, பறவை, மீன்தொட்டி உண்டா, கிணறு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேட்பவர் தொழில் தெரிந்தவர். "எத்தனை அறை?" என்று மட்டும் கேட்டுத் தொகை சொல்பவரிடம் நான் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

3. பார்வையிட வரும்போது அவருடைய முழங்காலைப் பாருங்கள்

வேடிக்கையாகச் சொல்லவில்லை. நல்ல ஆள் குனிவார், மண்டியிடுவார், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைப்பார், டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பார். மரத்தைக் கூர்முனையால் குத்திப் பார்ப்பார். சிலர் ஈரமானி கொண்டு வருவார்கள். அந்த நிறுவனத்தை விட்டுவிட்டு நான் அடுத்து அழைத்தவர் அலமாரி முன்னால் கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். பார்வையிடுவதற்குக் கட்டணம் வாங்கினார். மகிழ்ச்சியாகக் கொடுத்தேன். இலவசப் பார்வை என்று வருகிறவருக்கு நாம் வேலை கொடுத்தால்தான் வருமானம். அவர் எப்படிப் பூச்சி இல்லை என்று சொல்வார்?

நீங்கள் கண்டுபிடித்ததை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். டேப்பில் ஒட்டிய பூச்சியை எடுத்துக் காட்டாமல், "இது என்னவென்று நினைக்கிறீர்கள், எதனால்?" என்று கேளுங்கள். 'எதனால்' என்பதற்கு விடை வர வேண்டும். "இருபது வருட அனுபவம்" என்பது விடை ஆகாது.

"இன்றே ஒப்புக்கொண்டால் பாதி விலை" என்றால் வாசல்வரை வழியனுப்பிவிடுங்கள். கரையான்கூட ஒரு வாரத்தில் வீட்டைத் தின்றுவிடாது. இன்னும் இருவரை அழைத்துக் கேட்க நேரம் இருக்கிறது.

4. எழுத்தில் வாங்குங்கள்

எந்தப் பூச்சி, எந்த மருந்து, அதில் செயல்படும் வேதிப்பொருளின் பெயர், எத்தனை சதவீதம், எந்தெந்த இடத்தில், எத்தனை முறை வருவார்கள், மீண்டும் வந்தால் என்ன செய்வார்கள். இவ்வளவும் ஒரு தாளில் இருக்க வேண்டும். உத்தரவாதத் தாளில் 'கரையானுக்கு மட்டும்' என்ற மூன்றாவது வரியை நான் படித்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

வேதிப்பொருளின் பெயர் ஏன் முக்கியம் என்றால், 'மூலிகை', 'வாசனையற்றது', 'நூறு சதவீதம் பாதுகாப்பானது' ஆகிய மூன்று சொற்களுக்கும் இந்தத் தொழிலில் பொருளே இல்லை. பைரித்ரின் என்ற பூச்சிமருந்து சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கப்படுவதுதான். ஆனாலும் மீனுக்குக் கடும் நஞ்சு. அதைப் பார்த்துச் செயற்கையாக உருவாக்கிய பெர்மெத்ரின் பூனைக்கு ஆபத்து. பெயர் தெரிந்தால்தான் மருத்துவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ கேட்க முடியும்.

ஆண்டு ஒப்பந்தம் எனக்குப் பிடிக்காது. மாதம் தவறாமல் வந்து, பூச்சி இருக்கிறதோ இல்லையோ, தெளித்துவிட்டுப் போவார்கள். தேவை இல்லாத நஞ்சுக்குச் சந்தா கட்டுவானேன்? கரையானுக்கு ஆண்டுதோறும் பார்வையிடும் ஒப்பந்தம் மட்டும் விதிவிலக்கு.

5. வேலை நடக்கும் நாளில்

மருந்து லேபிளுடன் அதன் சொந்தப் புட்டியில் வர வேண்டும், உங்கள் கண்முன் அளந்து கலக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டியில் ஏற்கெனவே கலந்து கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எலிக்கோ மூட்டைப்பூச்சிக்கோ அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள். ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். அது சுவர் விரிசல் வழியாக அடுத்த அறைக்கும் அடுத்த வீட்டுக்கும் போகும். அதற்கு முறிமருந்து கிடையாது.

கரப்பானுக்கு என் ஓட்டு ஜெல்லுக்குத்தான். தின்ற கரப்பான் பொந்துக்குப் போய்ச் சாகும், அதன் கழிவையும் உடலையும் தின்று மற்றவையும் சாகும். புகை அடிப்பது பார்க்கப் பிரமாதமாக இருக்கும், பொந்துக்குள் போகாது.

6. பிறகு

முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைப்பையில் முப்பது, நாற்பது முட்டைகள் இருக்கும். மருந்து அதற்குள் எளிதில் நுழையாது. ஆகவே இரண்டாம் வருகை சலுகை அன்று, வேலையின் ஒரு பாகம். மீதிப் பணம் அதற்குப் பிறகுதான் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முன்பு வைத்த அதே இடங்களில் மறுபடியும் புது ஒட்டுப்பொறிகளை வைத்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைக் காட்டிப் பேசினால் எதிர்த்துப் பேச முடியாது.

மூட்டைப்பூச்சிக்கு "ஒரே முறை போதும்" என்பவரை நம்பவே வேண்டாம். டிடிடியின் பூச்சிக்கொல்லித் தன்மை 1939இல் கண்டறியப்பட்டது, அதற்காக 1948இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே அதற்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் கிளம்பிவிட்டன. இன்று வழக்கத்திலுள்ள பல மருந்துகளுக்கும் அதே கதைதான். ஐம்பது டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் முட்டையும் சாகும் என்பதால், துணிகளைச் சூட்டில் உலர்த்தச் சொல்பவர், மெத்தைத் தையலைப் பிரித்துப் பார்ப்பவர், இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறேன் என்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பிற்சேர்க்கை 1: ஜெல் வைத்தும் கரப்பான் குறையவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், அவரே கடையில் வாங்கிய தெளிப்பானை ஜெல்லின் மேலேயே அடித்திருக்கிறார். அந்த வாடைக்குக் கரப்பான் ஜெல் பக்கமே வராது. ஜெல் வைத்தால் தெளிப்பானைப் பூட்டி வையுங்கள், அந்த இடங்களைச் சோப்பு போட்டுத் துடைக்கவும் வேண்டாம்.

பிற்சேர்க்கை 2: இன்னொருவர் மீன்தொட்டியைத் துணியால் மூடிவிட்டு, காற்றுக் குமிழி விடும் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார். அது மருந்து கலந்த அறைக்காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்திவிட்டது. முடிந்தால் தொட்டியை வேறிடத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அறையில் தெளிப்பதையே தவிர்த்து, ஜெல் போன்ற மாற்று வழியைக் கேளுங்கள்.

பிற்சேர்க்கை 3: என் அலமாரி என்ன ஆயிற்று என்று பலர் கேட்டுவிட்டீர்கள். அடிப்பலகை இரண்டையும் மாற்றச் சொன்னார் அந்த நாற்பது நிமிடக்காரர். மீதிப் பலகைகளில் வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போராக்ஸ் வகை மருந்தைப் பூசினார். வார்னிஷ் மேல் பூசினால் அது மரத்துக்குள் இறங்காதாம். அதன் பிறகும் கறுப்புத் தாளில் கொஞ்சம் தூள் விழுந்தது. மறுபடியும் ஏமாந்தோமோ என்று அழைத்தேன். கதவை ஓங்கிச் சாத்தினால் பழைய துளையிலிருந்தும் தூள் உதிரும் என்று சொல்லி, எல்லாத் துளைகளையும் மெழுகால் அடைத்துவிட்டு, மெழுகில்லாத புதுத் துளை தென்பட்டால் மட்டும் கூப்பிடச் சொன்னார். பதினான்கு மாதமாக அவரைக் கூப்பிடவில்லை.